பல் முளைக்காத தாடைகள்

“குரங்கு எலும்பு” என்று சொல்லித்தான் சின்னத்துரை அந்தப் பெட்டியை மேசைமேல் வைத்தார். பிஸ்கட் பெட்டி. உள்ளே பழைய பேப்பரில் சுற்றிய, ஈர மண் ஒட்டிய இரண்டு மூன்று துண்டுகள்.

அவர் எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சின்னத்துரை, பெரிய துரைக்கு அடுத்த அதிகாரி. நான் அந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன் என்பது அவருக்குத் தெரியாது. தெல்தோட்டைக்கு மேலே, கலஹா வழியாகப் போகும் பஸ் மூச்சு வாங்கி நிற்கும் இடத்திலிருந்து இன்னும் ஏற வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். இப்போது கண்டியில், பல்கலைக்கழகத்தின் விலங்கியல் பிரிவில் ஆய்வு உதவியாளன். மகனுக்கு என்ன உத்தியோகம் என்று யாராவது கேட்டால் அம்மாவே பதில் சொல்லிவிடுவாள்: “கொரங்கு மண்டைய அளக்குறான். அதுக்குச் சம்பளமும் குடுக்குறானுங்க, பைத்தியக்காரனுங்க.”

அவள் சொல்வது சரிதான். மலைநாட்டுக் குரங்குக்கும் தாழ்நிலத்துக் குரங்குக்கும் மண்டையோட்டில் என்ன வித்தியாசம், அது எப்படி வந்தது என்பதுதான் எங்கள் கேள்வி. எந்தக் குரங்கிலும் தவறாமல் இருக்கும் இடங்களில் புள்ளி வைப்போம். மூக்கெலும்பு முடியும் இடம், கண்குழியின் ஓரம், தாடை வளையும் மூலை. பிறகு கம்ப்யூட்டர் எல்லா மண்டையோடுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும். பெரிது சிறிது என்பதை எடுத்துவிடும். எங்கே கிடந்தது, எந்தப் பக்கம் திரும்பிக் கிடந்தது என்பதையும் எடுத்துவிடும். மிஞ்சுவதுதான் வடிவம். இரத்தினபுரி மாணிக்கக் குழியில் கிடைத்த காண்டாமிருகப் பல்லையும் இப்படித்தான் அளக்கிறார்கள். செத்தவர் யார் என்று நீதிமன்றம் கேட்கும்போதும் இப்படித்தான்.

சின்னத்துரை எங்கள் பேராசிரியருக்குப் பழைய மாணவர். அந்த உரிமையில்தான் வந்திருந்தார். ஓடை இறக்கத்தில் உல்லாசப் பயணிகளுக்கு லொட்ஜ் கட்ட, மண் தோண்டும் பெக்கோ மெசினை இறக்கினார்களாம். மண்ணோடு எலும்பு வந்ததும் தோட்டத்து ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டார்களாம்.

“பொம்பளைகள் குழிக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டார்கள் சேர்” என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். “குரங்கு எலும்பு என்று நீங்கள் ஒரு வரி எழுதித் தந்தால் எழுப்பிவிடலாம்.”

“எந்த இடத்தில் தோண்டினீர்கள்?” என்று கேட்டேன். தம்பி என்பதற்குச் சிங்களத்தில் மல்லி; அப்படித்தான் என்னைக் கூப்பிட்டார்.

“பத்தாம் நம்பர் லயத்துக்குக் கீழே, மல்லி. ஓடைப் பக்கம். உனக்கு அந்த இடமெல்லாம் தெரியாது.”

எனக்குத் தெரியும். என் அக்கா அங்கேதான் கிடக்கிறாள்.

எங்கள் தோட்டத்தில் பல் முளைக்காத பிள்ளை செத்தால் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். தப்பு அடிக்க மாட்டார்கள், சங்கு ஊத மாட்டார்கள். வெள்ளைத் துணியில் சுற்றி, தண்ணீர் ஓடும் பக்கமாகப் புதைத்துவிட்டு, நாய் தோண்டாமல் மேலே கல்லைத் தூக்கி வைப்பார்கள். ஈரத்தில் கிடந்தால் தாயின் வயிறு வறண்டு போகாது, அடுத்தது தங்கும் என்று ஒரு நம்பிக்கை. ஒரு பல் எட்டிப் பார்த்துவிட்டாலும் அது ஆள், அதற்குச் சுடுகாடு. அம்மாவின் முதல் பிள்ளைக்குப் பல் வரவில்லை. அடுத்துத் தங்கியவன் நான்.

பேப்பரைப் பிரித்தேன். அடையாளம் சொல்ல முடியாத சில்லுகள், அவற்றோடு ஒரு பாதித் தாடை. என் கட்டைவிரல் நீளம்கூட இல்லை. பிள்ளை பிறக்கும்போது கீழ்த்தாடை இரண்டு பாதியாகத்தான் இருக்கும். முதல் வருடத்துக்குள் நடுவில் ஒட்டிக்கொள்ளும். இது ஒட்டவில்லை. பல் எல்லாம் எலும்புக்குள்ளேயே, சின்னச் சின்னக் குழிகளில், வெளியே வராமல் காத்திருந்தது. குரங்குக் குட்டியின் தாடை முன்னுக்கு ஒடுங்கி நீளும். இது குட்டையாக, அகலமாக வளைந்திருந்தது. புள்ளி வைக்கவே தேவையில்லை.

“இது பிள்ளை” என்றேன்.

சின்னத்துரை பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அளந்து பார்த்துச் சொல்வதாகச் சொல்லி அவரை அனுப்பினார். கதவு மூடிய பிறகு, மகனே என்று சிங்களத்தில் கூப்பிட்டு, என்னிடம் மெதுவாகக் கேட்டார்:

“புதா, அது உன் தோட்டம்தானே?”

“ஆமா சேர்.”

“அதுதான் உனக்கு இவ்வளவு சீக்கிரம் தெரிகிறது.”

நல்ல மனிதர். எனக்கு வேலை தந்தவர். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை காலம் குரங்கை அளந்தேனே, குரங்கு உனக்குச் சொந்தமா என்று ஒருவரும் கேட்கவில்லை. சொந்தப் பிள்ளையைப் பிள்ளை என்று சொன்னதும் என் கண்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

சரி, அளக்கிறேன் என்று உட்கார்ந்தேன். கோபத்தோடு செய்ய முடியாத வேலை அது. கை நடுங்கினால் புள்ளி நகரும். மண்ணைத் தூரிகையால் தட்டி, ஸ்கேன் எடுத்து, ஒவ்வொரு புள்ளியையும் வைத்து, அழித்து, மறுபடி வைத்தேன். எங்களிடம் இருந்த குரங்குக் குட்டித் தாடைகளோடும், வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் அளந்து பகிர்ந்திருந்த சிசுத் தாடைகளோடும் ஒப்பிட்டேன். திரையில் குரங்குகள் ஒரு பக்கம் கூட்டமாக நின்றன, பிள்ளைகள் மறுபக்கம். எங்கள் ஓடைத் தாடை பிள்ளைகளின் கூட்டத்தில் போய் விழுந்தது. ஆனால் நடுவில் இல்லை, ஓரத்தில்.

பேராசிரியர் அந்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

“பார், ஓரத்தில் நிற்கிறது. ‘தீர்மானிக்க மாதிரிகள் போதாது’ என்று எழுதுவோம். அது பொய்யில்லை.”

“குரங்கிலிருந்து எவ்வளவு தூரம் நிற்குது பாருங்க சேர்.”

“தூரம்தான். ஆனால் நடுவில் இல்லையே.”

“நடுவில் நிற்கிறது யாருடைய பிள்ளைகள்? நல்லாச் சாப்பிட்ட தாய்மார் பெத்த பிள்ளைகள். எங்க ஆட்களில் ஒருத்தரையாவது அந்தக் கணக்கில் சேர்த்திருக்கிறீங்களா? தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது விட்டுட்டுப் போற பிள்ளைமடுவத்தில், தராசில் தொங்கவிட்டதைத் தவிர எங்க பிள்ளைகளை யார் அளந்தது?”

சத்தம் போட்டிருக்கிறேன். பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பேராசிரியர் கோபப்படவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. திரையில் குரங்குக் கூட்டத்துக்கும் அந்தத் தாடைக்கும் நடுவே விரலை ஓட்டிப் பார்த்தார். கடைசியில், “மனித எலும்பு என்றால் அது என் மேசையிலேயே இருக்கக் கூடாது. சட்டம் அப்படி” என்று சொல்லி, சட்ட வைத்திய அதிகாரிக்குப் போன் எடுத்தார். சந்தேக மரணங்களையும் அடையாளம் தெரியாத எலும்புகளையும் பார்ப்பது அவர்கள் வேலை. பெட்டி பொலிஸ் வழியாக அங்கே போனது, என் அளவுகளோடு சேர்ந்து.

நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். பிள்ளை என்று நிரூபித்தாயிற்று, இனிப் பெக்கோவை எடுத்துவிடுவார்கள். அப்படித்தான் நினைத்தேன், படித்த மடையன்.

சனிக்கிழமை வீட்டுக்குப் போனபோது லயத்து வாசலில் பொலிஸ் ஜீப் நின்றது. ஒரு சார்ஜன்ட் வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தார்: யார் வயிற்றில் இருந்தது, யார் வயிறு திடீரென்று இறங்கியது, எந்தப் பெண்ணுக்கு வீட்டில் ஆள் இல்லை. ஒரே ஒரு சிசு எலும்பு, ஓடையோரம், இரகசியமாகப் புதைத்தது. அதை வைத்து அவர்கள் கட்டிய கதை இதுதான். எவளோ பெற்றுக் கொன்று புதைத்துவிட்டாள். பதினாறு வயதுப் பெண் பிள்ளைகளைக்கூட வாசலில் நிறுத்தி மேலும் கீழும் பார்த்தார்களாம்.

அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“வாங்க டாக்குத்தர் ஐயா” என்றாள். “கொரங்குன்னே சொல்லியிருக்கலாமில்ல? கொரங்குன்னா இந்தக் காக்கிச்சட்டை எங்க பாவாடைய எண்ணிக்கிட்டு நிப்பானா?”

“கொரங்குன்னு சொல்லியிருந்தா இந்நேரம் மெசின் மொத்தத்தையும் வாரிப் போட்டிருக்கும்மா. அக்காவையும் சேர்த்து.”

“அவள எப்பவோ எடுத்தாச்சி.”

எனக்குப் புரியவில்லை. அடுத்த வீட்டுச் சித்தி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். அப்புறம்தான் சொன்னார்கள். மெசின் முதலில் மண்ணைப் புரட்டிய அன்றே, பெண்கள் குழிக்குள் இறங்கி உட்கார்ந்தார்கள் அல்லவா, அது சும்மா உட்கார்ந்ததில்லை. முந்தானையில் எலும்புகளைப் பொறுக்கியிருக்கிறார்கள். மெசின் தொடாத கற்களையும் புரட்டி, அடியில் இருந்ததை எல்லாம் எடுத்திருக்கிறார்கள். மஞ்சள் தண்ணீரிலும் பாலிலும் கழுவி, ஒரே வெள்ளைத் துணியில் மொத்தமாகக் கட்டி, வேறு எங்கேயோ வைத்துவிட்டார்கள். அவர்கள் கண்ணில் படாமல் மண் குவியலில் தப்பிய துண்டுகள்தான் சின்னத்துரையின் பிஸ்கட் பெட்டிக்கு வந்தவை.

“கழுவினீங்களா?” என்று கத்தினேன். “எது எந்தக் கல்லுக்குக் கீழ இருந்துச்சின்னு யாராவது பாத்தீங்களா? எல்லாத்தையும் கலந்துட்டீங்களா?”

“பின்ன? சேத்தோட போடச் சொல்றியா?” என்றாள் சித்தி. “பச்சப் புள்ளைங்கடா.”

“அது சாட்சி சித்தி! இடம்தான் சாட்சி! கல்லுக்குக் கீழ ஒன்னு ஒன்னா கெடந்திருந்தா, யாரு பாத்தாலும் இது புள்ளைங்க காடுன்னு தெரிஞ்சிருக்கும். இப்ப ஓடையில என்ன இருக்கு? ஒன்னுமில்ல. ஒரே ஒரு தாடை இருக்கு, அது கொலைன்னு சொல்றான்.”

“கத்தாத. ஜீப் வெளிய நிக்கிது.”

“எங்க வச்சிருக்கீங்க?”

அம்மா ரொட்டியைப் புரட்டினாள்.

“ஒனக்கு ஏன்? நீ அளக்குறதுக்கா?”

அன்றைக்கு எனக்கு இருந்த கோபத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்றே தெரியவில்லை. சின்னத்துரைமேல், சார்ஜன்ட்மேல், ஓரத்தைப் பிடித்துத் தொங்கிய பேராசிரியர்மேல். எல்லாரையும்விட இந்தப் பெண்கள்மேல். அன்பாகச் செய்தார்கள், அதுதான் வயிற்றெரிச்சல். எங்கள் ஆட்களுக்குத்தான் இந்தத் தவறு வரும். எலும்பு அழுக்காக இருக்கிறதே என்று கலங்குவார்கள். நிலம் போகிறதே என்று யோசிக்க மாட்டார்கள். நிலம் என்றைக்கு நம்முடையதாக இருந்தது, யோசிப்பதற்கு?

இரண்டு நாள் கழித்துச் சட்ட வைத்திய அதிகாரி நேரில் வந்தார். யாழ்ப்பாணத்துப் பெண். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடை இறக்கத்தில் சறுக்காமல் நடந்தார். இடத்தைப் பார்த்தார். பெக்கோ வாய் வைத்த குழியையும், புரட்டிப் போட்ட கற்களையும் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“அளவெடுத்தது நீங்களோ?”

“ஆமா டொக்டர்.”

“நல்லாச் செய்திருக்கிறியள். அது பிள்ளைதான், எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனா தம்பி, ஒண்டே ஒண்டு இருந்தா அது சந்தேக மரணம். அப்பிடித்தான் நான் எழுதவேணும். கனக்க இருந்தா, அதுவும் ஒரு ஒழுங்கோட இருந்தா, அது புதைகாடு. அப்பிடி நான் எழுதினா நீதவான் தோண்ட விடமாட்டார். மிச்சம் எங்கயோ இருக்கு எண்டு எனக்குத் தெரியும். கல்லுக்குக் கீழ மஞ்சள் கறை கிடக்கு. கழுவின தண்ணியை அங்கயே ஊத்தியிருக்கினம்.”

“எனக்கே சொல்ல மாட்டேங்கிறாங்க டொக்டர்.”

“நான் கதைக்கிறன்.”

பிள்ளைமடுவத்துக்கு முன்னால் பெண்கள் கூடினார்கள். டொக்டர் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார்கள். புதைத்து வைத்ததை மறுபடி தோண்டுவது தோஷம் என்றாள் ஒருத்தி. கண்டிக்குக் கொண்டுபோனால் திரும்பி வராது என்றாள் இன்னொருத்தி. அது நியாயமான பயம்தான். எங்கள் தோட்டத்திலிருந்து கண்டிக்குப் போன எந்தக் காகிதம் திரும்பி வந்திருக்கிறது? சார்ஜன்ட் தள்ளி நின்று சிகரெட் பிடித்தார்.

அம்மா முன்னால் வந்தாள்.

“கொண்டுபோகக் கூடாதுங்க. இங்கயே பாக்கணும். பொலிஸ் கை வைக்கக் கூடாது.”

“ஓம். நீதவானிட்ட அனுமதி எடுத்துக்கொண்டு வாறன். இங்கயே பாப்பம்.”

“தூக்குறது இவன் தூக்கட்டும்.” என்னைக் கைகாட்டினாள். “கொரங்க அளக்குறவன், பரவால்ல. அவனும் அந்தக் கூட்டத்துல பொறந்தவன்தான்.”

பெண்களில் சிலர் சிரித்துவிட்டார்கள். அத்தனை நாளில் முதல் சிரிப்பு.

நீதவானின் அனுமதி வந்த அன்றுதான் இடத்தைக் காட்டினார்கள். துணி மூட்டை, சித்தி வீட்டுக் கோழிக்கூட்டுக்குப் பின்னால், மரவள்ளிப் பாத்திக்குள் இருந்தது. பொலிஸ் ஜீப் தினமும் அதற்குப் பக்கத்தில்தான் திரும்பியது.

பிள்ளைமடுவத்து மேசையை வெளியே போட்டு, வெள்ளைத் துணி விரித்தார்கள். நான் மூட்டையை அவிழ்த்தேன். மஞ்சள் பூத்த எலும்புகள், கொண்டைக்கடலையும் பட்டாணியும் கலந்து கொட்டியதுபோல. முழுதாகக் கலந்திருந்தது. எந்தத் துண்டு எந்தப் பிள்ளையுடையது என்று எவராலும் பிரிக்க முடியாது. டொக்டர் கையுறை போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

“காதெலும்பைத் தனியா எடுங்கோ. இடதுபக்கம் மட்டும்.”

காதுக்கு உள்ளே இருக்கும் எலும்பு கல் மாதிரி. எல்லாம் மக்கிப்போனாலும் அது மக்காது. ஒரு பிள்ளைக்கு இடதுபக்கம் ஒன்றுதான் இருக்கும். அதை மட்டும் பொறுக்கி வரிசையாக வைத்தேன். வைக்க வைக்க வரிசை மேசையின் நீளத்துக்குப் போயிற்று. சார்ஜன்ட் சிகரெட்டைக் கீழே போட்டுவிட்டுக் கிட்டே வந்தார்.

பிறகு தாடைகள். ஒவ்வொன்றாக வைத்து, பக்கத்தில் அளவுகோல் வைத்து, படம் எடுத்து, கலிபர் என்ற அளவு இடுக்கியால் அளந்தேன். சில பிறந்தவுடனே போனவை. சில மூன்று நான்கு மாதம் இருந்தவை. சிலவற்றில் நடுவில் ஒட்டத் தொடங்கியிருந்தது. சிறிதிலிருந்து பெரிதுவரை அடுக்கியபோது ஒரு விஷயம் எனக்கே உறைத்தது. ஒரு தாடையில்கூடப் பல் வெளியே வரவில்லை. எத்தனை தலைமுறைப் பிள்ளைகளோ அங்கே கிடந்தன, ஒன்றில்கூட இல்லை. பல்லின் நுனி எலும்பைத் திறக்கப் போகும் இடத்தோடு வரிசை நின்றுவிட்டது, கோடு போட்டு வெட்டியதுபோல.

“டொக்டர், இதைப் பாருங்க. பல்லு வந்த பிள்ளையை எங்க ஆட்கள் இங்க புதைக்க மாட்டாங்க. அது சுடுகாட்டுக்குப் போகும். எவளோ பெத்த உடனே கொன்னு ஒளிச்சு வச்சிருந்தா, மாசக்கணக்குல வளர்ந்தது இருக்காது. நோய் வந்து அவசரத்துல புதைச்சிருந்தா பல்லு வந்த வயசும் சேர்ந்து வந்திருக்கும்.”

டொக்டர் வரிசையின் கடைசிவரை நடந்தார். திரும்பி வந்தார். ஒரு தாடையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“இதுதான் ஒழுங்கு. இதை நான் எழுதுவன்” என்றார்.

இடத்தை அழித்துவிட்டார்களே என்று அன்றைக்குக் கத்தினேன். அவர்கள் கழுவியும் கலந்தும் அழிக்க முடியாத ஒன்று அந்தத் தாடைகளின் வடிவத்திலேயே இருந்தது. அதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவ்வளவு பிள்ளைகள். பல் முளைக்கும்வரைகூடத் தாங்காத இவ்வளவு பிள்ளைகள், ஒரே தோட்டத்தில், ஒரே ஓடையில். இவர்களுக்கு என்ன வந்து செத்தார்கள் என்று எந்தத் துரையும் எந்தப் பொலிஸும் லயத்துக்கு வந்து கேட்டதில்லை. ஒரு லொட்ஜுக்கு அஸ்திவாரம் போடத் தடையாக இருக்கும்போதுதான் விசாரணை வந்தது.

அம்மா மேசையருகில் வந்து நின்றாள். எதையும் தொடவில்லை.

“எதுடா நம்மளுது?”

“தெரியாதும்மா.”

“நாப்பது நாளு இருந்தா. அத வச்சும் தெரியாதா?”

அந்த வயதில் ஏழெட்டுத் தாடைகள் இருந்தன. ஒன்றுக்கொன்று மிக நெருக்கம். நான் புள்ளி வைத்தாலும், உலகத்தில் யார் புள்ளி வைத்தாலும், அவற்றில் ஒன்றை அக்கா என்று சொல்ல முடியாது. அந்த வரிசையைக் காட்டினேன்.

“இதுல ஒன்னா இருக்கும்.”

அம்மா குனிந்து அத்தனையையும் பார்த்தாள். பார்த்துவிட்டு, “நாடி எல்லாம் ஒன்னு போலயே இருக்கே” என்று முணுமுணுத்தபடி சித்தியிடம் திரும்பிப் போனாள்.

நீதவான் உத்தரவு வந்தது. ஓடை இறக்கத்தில் தோண்டக் கூடாது. எடுத்ததை எடுத்த இடத்திலேயே வைக்கலாம். பிஸ்கட் பெட்டியில் போன தாடையும் திரும்பி வந்தது. கொலை விசாரணை முடிந்ததாகப் பொலிஸ் சொன்னது. வாசலில் நிறுத்தி வைத்த பெண் பிள்ளைகளிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

மறுபடி புதைத்த அன்று காலையில் சின்னத்துரையும் வந்தார். நல்ல வெயில். எதிரில் ஹந்தானைப் பக்கத்து மலைகள் துலக்கமாகத் தெரிந்தன. லொட்ஜ் இன்னும் கொஞ்சம் மேலே போகிறதாம். அங்கிருந்து பார்த்தால் காட்சி இன்னும் நல்லது என்றார். பிறகு என் தோளில் கை போட்டார்.

“முதலிலேயே மயானம் என்று சொல்லியிருந்தால் இவ்வளவு கரைச்சல் வந்திருக்காதே, மல்லி. பரவாயில்லை. இந்த இடத்தைச் சுற்றி அழகாக வேலி போட்டுத் தருகிறோம். நீ ஆங்கிலத்தில் நாலு வரி எழுதித் தா, ஒரு பலகையில் போடுவோம். வருகிற வெள்ளைக்காரர்களுக்கு இதெல்லாம் பிடிக்கும்.”

அவர் கையை என் தோளிலிருந்து எடுத்துவிட்டேன்.

“வேலிக் கதவுச் சாவி யார்கிட்ட இருக்கும்?”

“ஆபீஸில். வேறு எங்கே?”

“அப்படின்னா வேலியும் வேணாம், பலகையும் வேணாம். கொரங்குன்னு எழுதித் தரச் சொல்லி வந்தீங்களே, நீங்க எங்களுக்கு ஒன்னும் எழுதவேணாம்.”

சிங்களத்தில் தொடங்கினேன், எங்கேயோ தமிழுக்கு மாறிவிட்டது. அவருக்கு விளங்கியது. முகம் சிவந்து, “நன்றி கெட்டவன்கள்” என்று சொல்லிவிட்டு மேட்டில் ஏறினார்.

பெண்கள் துணியைக் குழிக்குள் இறக்கியிருந்தார்கள். நான் மண்வெட்டியைப் பிடுங்கி, மண்ணை அள்ளி அள்ளித் தள்ளினேன். கை நடுங்கியது, இப்போது நடுங்கலாம்.

“டேய், மெதுவா” என்றாள் அம்மா. “கல்லும் சேந்து வுழுவுது பாரு. கல்ல பொறுக்கி வெளிய வை, அது மேல வைக்கிறதுக்கு வேணும்.”

மண்வெட்டியை வைத்துவிட்டு, முட்டி போட்டு, கல்லைப் பொறுக்கத் தொடங்கினேன்.